சைபர் போடுகிற அக்கா

செத்துப் பிறந்த குட்டியையும் அவர் தராசில் வைப்பார். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். மற்றவர்கள் வாளியில் எடுத்துப்போய்க் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். இந்த அக்கா அதைச் சாக்குத் துணியால் துடைத்து, தொங்கு தராசின் தட்டில் படுக்கவைத்து, முள் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, கொப்பியில் எடையை எழுதிய பிறகுதான் குழிக்கு அனுப்புவார். “வந்தது வந்ததுதான்” என்பார், யாரிடம் என்றில்லாமல். எட்டு வாரம் கழித்து, தப்பிய குட்டிகளைப் பால் மறக்கடித்து நிறுக்கும் நாளில், இடையில் செத்துப்போனவற்றுக்கு நேரே ஒவ்வொரு சைபர் போடுவார். சாதாரண சைபர் இல்லை, கோழி முட்டை அளவுக்கு இருக்கும். “ஏன் அக்கா இவ்வளவு பெரிசு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சின்னதா போட்டா நீங்க பாக்காம போயிருவீங்க சேர்” என்றார்.

நான் மாவனல்லைக்காரன், முஸ்லிம். பன்றிப் பண்ணையில் எனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். என் உம்மாவும் அதைத்தான் கேட்டார். கம்பஸில் புள்ளிவிபரம் படித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் குந்தியிருந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பன்றி இனவிருத்திப் பண்ணை. அங்கே கணக்குப் பார்க்கும் உதவியாளன் நான். “மிருகத்துக்குக் கணக்குப் பாக்குற வேல உம்மா” என்று சொல்லி வைத்திருந்தேன். “எந்த மிருகம் மகன்?” என்றார். “எல்லாம்தான்” என்று சமாளித்தேன். மூன்று மாதத்தில் வாப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கோபிப்பார் என்று பயந்து நின்றால், மனுஷன் சிரிக்கிறார். “நீ அதத் தொடுறியா?” “இல்ல வாப்பா.” “அப்ப கணக்குத்தானே. இலக்கத்துல ஹராம் இல்ல, போ.”

உண்மையில் நான் எதையும் தொடவில்லை. கொட்டில்களுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஆபீஸில், கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். பிரசவக் கொட்டிலில் வேலை பார்த்த அக்கா, கொப்பியை எடுத்துக்கொண்டு வருமுன் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்து வைப்பார். கொப்பியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, வாசலுக்கு வெளியே நின்றபடி நீட்டுவார். நான் கேட்டுச் செய்தது இல்லை. முதல் நாள், எங்கள் ஆட்களை அண்ணா என்பதுபோல், ‘நானா’ என்று கூப்பிட்டவர், மறுநாளே ‘சேர்’ என்று மாற்றிக்கொண்டார். “உள்ள வாங்க அக்கா” என்றால், “வேணாங்க, நீங்க தொழுற ஆளு” என்பார். நான் அவ்வளவு ஒழுங்காகத் தொழுகிறவன் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

பண்ணையில் ஆறு வம்சம் பன்றிகள் இருந்தன. ஒவ்வொரு வம்சத்தையும் பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்திருந்தார்கள். இனி ஒவ்வொன்றையும் மற்ற ஐந்தோடும் கலந்து பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு விதமாக. ஒன்றாம் வம்சத்துத் தகப்பனும் இரண்டாம் வம்சத்துத் தாயும் ஒரு விதம். தாயையும் தகப்பனையும் மாற்றிப் போட்டால் இன்னொரு விதம். ஆறுக்கு ஆறு கட்டம் போட்ட அட்டவணை ஒன்று. மூலைக்கு மூலை சாய்வாகப் போகும் ஆறு கட்டத்தில் சொந்தமும் சொந்தமும் சேர்ந்த குட்டிகள், மிச்ச முப்பதிலும் கலப்பு. எந்த வம்சம் யாரோடு சேர்ந்தாலும் நல்ல குட்டி தருகிறது, எந்த இரண்டு தங்களுக்குள் மட்டும் அபூர்வமாகப் பொருந்துகின்றன என்று பிரித்துச் சொல்வது என் வேலை. நல்ல கலப்பாகப் பார்த்துத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுப்பதாகத் திட்டம்.

எட்டாம் வகுப்போடு நின்றவர் அக்கா. ஆனால் இது அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் பிடிபட்டது. “ரெண்டாம் வம்சம் நம்ம மேட்டு லயத்து மருமக மாதிரிங்க. எந்த வீட்டுல விட்டாலும் பொழைச்சுக்கும். இந்த அஞ்சு இருக்கே, அது அப்புடியில்ல. மூணோட மட்டும்தான் ஒத்துப்போகும். மத்ததோட விட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்.” கம்பஸில் நான்கு விரிவுரையில் எனக்கு விளங்காததைச் சாக்கும் கையுமாக நின்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு மெச்சத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த வயதில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன், இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

முதல் அட்டவணை முடிந்ததும் அதைப் பெரிய தாளில் அச்செடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். பண்ணைக்குப் பொறுப்பான மிருக வைத்தியர் ஒரு சிங்களவர், எல்லாருக்கும் அவர் ‘டொக்டர் மாத்தயா’. அவர் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கொப்பி கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்றே கழுத்தை நீட்டிப் பார்த்தார். எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

“நாலும் நாலும் சேந்த கட்டத்துல என்னங்க போட்டிருக்கு?”

“எட்டாம் வாரத்து எட அக்கா. ஒரு குட்டிக்கு சராசரி.”

“இவ்வளவு நெறையா? கலப்புக் குட்டிய விடக் கூடவா?”

“அப்பிடித்தான் வருது.”

“பதினொண்ணு போட்டுச்சு சேர். ஒம்போது செத்துப்போச்சு. மிச்ச ரெண்டும் தாய்ப்பால் முழுக்கக் குடிச்சு உப்பிருச்சு. அதத்தான் நீங்க போட்டிருக்கீங்க. என் செத்ததுங்க எங்க சேர்?”

“செத்தத எப்பிடி அக்கா நிறுக்கிற? எட இல்லாதது சராசரிக்கு வராதுதானே.”

“நிறுக்கலைன்னா பொறக்கலையா?”

 நடந்தது இதுதான்: வேறு ஆட்கள் நிறுக்க மறந்த குட்டிக்கும் சைபர் எழுதிவிடுவார்கள். அந்தத் தொல்லைக்காக, சைபரைக் கண்டால் அதை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போகும்படி நான் கம்பியூட்டருக்கு ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தேன். அக்காவின் முட்டைச் சைபர்கள் எல்லாம் அதில் அடிபட்டுப் போயிருந்தன. டொக்டர் மாத்தயா கோப்பையை வைத்துவிட்டு, “ஏ கியன எக்க ஹரி” என்றார், அவள் சொல்வது சரி என்று. வேறு வழியில்லாமல் இரண்டாவது அட்டவணை ஒன்று செய்தேன். குட்டிக்குச் சராசரி இல்லை, ஒரு தாயிடம் எட்டு வாரத்தில் மொத்தம் எத்தனை கிலோ மிஞ்சியது என்ற கணக்கு. அதில் செத்தவை தாமாகவே வந்து நின்றுகொண்டன. நாலாம் வம்சம் அடிமட்டத்துக்கு விழுந்தது. அறிக்கையில் டொக்டர் மாத்தயா என்னைப் புகழ்ந்து ஒரு வரி எழுதினார். அது யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை. பழைய கட்டளையையும் அழிக்கவில்லை. அதுதான் இரண்டாவது அட்டவணை இருக்கிறதே, இனி அதனால் என்ன என்று விட்டுவிட்டேன்.

குட்டி கொடுக்கப்போகும் குடும்பங்களைப் பதிய, தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு ஒருமுறை போனேன். அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் போனேன். கணவர் படியில் இருந்து ரப்பர் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் அக்காவுக்குத் தாய்மாமன். அங்கே பெண்ணுக்கு முதல் உரிமைக்காரன் தாயின் தம்பிதான். அவன் வேண்டாமென்றால்தான் வெளியில் பார்ப்பார்கள். எங்களுக்குள் அந்த உறவு ஆகாது, ஆனால் மாமி மகள், சித்தப்பா முறையான சாச்சாவின் மகள் என்று நாங்களும் சொந்தத்தையே சுற்றிவருகிறவர்கள்தான். என் உம்மாவும் வாப்பாவுமே மச்சான் மச்சி முறை. அதனால் இதில் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை.

“பிள்ளைகள் எத்தன அக்கா?”

“அஞ்சுங்க.”

மகள் ஒருத்தி குடத்தோடு நின்றாள். சிறுவன் ஒருவன் பாடம் எழுதிக்கொண்டிருந்தான். “மத்த மூணு பேரும்?” என்றேன்.

“ஆறாம் நம்பர் மலையில இருக்காங்க.”

ரப்பர் வெட்டப் போயிருப்பதாக நினைத்து, வேலை செய்பவர்கள் என்று எழுதினேன். கணவர் கத்தியை நிறுத்தினார். “செத்துப்போச்சுங்க சேர்” என்றார் மெதுவாக. “மூணும் எட்டு ஒம்போது மாசத்துல. இவ இப்புடித்தான் சொல்லுவா, நீங்க ரெண்டுன்னு போட்டுக்குங்க.” நான் ஐந்தை வெட்டி இரண்டு என்று எழுதினேன். அக்கா, என் பேனை ஐந்தின் மேல் கோடு இழுத்ததை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூசும்.

இப்போது கொழும்பில் ஒரு கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். ஊர் ஊராக வரும் படிவங்களைச் சரிபார்ப்பது வேலை. சைபரோ வெறும் கட்டமோ கண்ணில் பட்டால் அடுத்த வரிக்குப் போக என்னால் முடியாது. எடுத்தவருக்குப் போன் பண்ணிக் கேட்பேன்: இது சைபரா, கேட்கவில்லையா, அல்லது இருந்து போனதா? “சேருக்குச் சைபர் பேய் பிடிச்சிருக்கு” என்று என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாசலுக்கு வெளியே ஒருவர் முழங்கை ஈரத்தோடு நிற்பதுபோல் இருக்கும். சில நாள் எழுந்துபோய்ப் பார்த்திருக்கிறேன். யாரும் இல்லை.

பண்ணையில் எனக்கு இரண்டாவது வருஷம் அது. அக்கா கொப்பியோடு வேறு நான்கைந்து தாளையும் சேர்த்து நீட்டினார். கோடு கிழித்து, பன்றிக் கொப்பி போலவே பத்தி பிரித்து எழுதியிருந்தது. ஆனால் அதில் இருந்தவர்கள் மனிதர்கள்.

“இது என்னக்கா?”

“மேல் லயமும் கீழ் லயமும் சேர். யாரு வீட்டு ஆம்பள, யாரு வீட்டுப் பொம்பள, சொந்தமா வெளியா, பெத்தது எத்தன, எல்லாம் இருக்கு. கிளினிக் கார்டு பாத்து ஒரு வயசு எடையும் எழுதியிருக்கேன். நம்ம குட்டிக்குப் பாக்குற மாதிரி இதப் பாத்துச் சொல்லணும்.”

ஞாயிறு ஞாயிறாக, மூன்று மாதம் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கியிருக்கிறார். எத்தனை பிள்ளை இருக்கிறது என்று கேட்கவில்லை, எத்தனை பெற்றீர்கள் என்று கேட்டிருக்கிறார். சில வீட்டில் பெண்கள் அழுதிருக்கிறார்கள், சில வீட்டில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சுடுகாட்டுக் கணக்கு எடுக்கிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. அவர் விடவில்லை.

காரணத்தை அவர் அன்றுதான் சொன்னார். மகளுக்குப் பத்தொன்பது வயது. அக்காவின் சொந்தத் தம்பி பெண் கேட்கிறான். அவிசாவளையில் கடையில் வேலை, குடி இல்லை, நல்ல பையன். பிள்ளை பெரியவளானபோது மாமன் சீர் செய்தவன். மகளுக்கும் பிடித்திருக்கிறது, கணவருக்கும் சம்மதம்.

“தம்பிக்கு என்ன கொறைச்சல்னு கேக்குறாங்க சேர். அவனுக்கு ஒரு கொறையுமில்ல. எனக்கு இருக்கறது எதுவோ அதுதான் அவனுக்கும் இருக்கும், அதுதாங்க என் பயம். என் மூணு பிள்ளையும் நல்லாத்தான் பொறந்துச்சு, நல்லாத்தான் சிரிச்சுச்சு. ஆறு மாசத்துல கழுத்துத் தொங்கிருச்சு. அப்புறம் பால் இழுக்க முடியல. ஒண்ணு போல மூணும். கண்ணு பட்டுருச்சுன்னாங்க, முனி அடிச்சுருச்சுன்னாங்க, நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். நாலாம் வம்சத்துக் குட்டிக்கும் அதே மாதிரி கழுத்துத் தொங்குறத இங்க வந்துதானே பாத்தேன். பன்னிக்கு யாரு சேர் கண்ணு போடுறா?”

நான் தாள்களைக் கையில் வாங்கினேன்.

“நான் சொன்னா பொம்பள பேச்சு. மிசின் சொல்லுச்சுன்னா கேப்பாங்க. ஒரு தாள் குடுங்க சேர், நான் கொண்டுபோய் அவங்ககிட்ட காட்டுறேன். வர்ற ஞாயித்துக்கெழம பரிசம் பேச வர்றாங்க.”

“பாத்துத் தாறன் அக்கா” என்றேன். பாவமாக இருந்தது. கூடவே, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது. வியாழக்கிழமை தாள்களை எடுத்து, பார்த்தது பார்த்தபடி இலக்கங்களைத் தட்டிக்கொண்டே போனேன். பன்றிக்கு எழுதியிருந்த முதல் நிரலை எடுத்து அதில் போட்டு ஓடவிட்டேன். ஆம், அதே நிரல், அதே கட்டளையோடு. வெள்ளிக்கிழமை எனக்கு அவசரம். கீழே டவுன் பள்ளியில் ஜும்மா தொழுதுவிட்டு அப்படியே ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அச்செடுத்த தாளை உறையில் போட்டு, வாசலில் நின்றவரிடம் நீட்டினேன்.

“வந்திருச்சா சேர்?”

“வந்திட்டு.”

“சரியா இருக்குங்களா?”

“எல்லாம் சரி அக்கா” என்றேன். நான் அதை வாசிக்கவேயில்லை.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத்தான் முன்னமே தெரியுமே, அந்த நம்பிக்கையில் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, தாம்பூலத் தட்டு நடுவில் இருக்க, எல்லார் முன்னாலும் உறையை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா டீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். டீச்சர் ஒருதரம் வாசித்து, சந்தேகப்பட்டு இன்னொருதரமும் வாசித்து, தமிழில் சொன்னாராம்: சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வெளியில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை.

தம்பி சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை, நிம்மதியான சிரிப்பு. “பாத்தியாக்கா, மிசினே சொல்லிருச்சு” என்றானாம். அங்கேயே நாள் குறித்தார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். கை கழுவியிருக்கவில்லை, சாக்கும் இடுப்பிலேயே இருந்தது. அன்றுதான் முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்து, தாளை என் மேசைமேல் வைத்தார். கோபித்துக் கத்தியிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் சத்தமே போடவில்லை.

“என் செத்ததுங்க எங்க சேர்?”

நான் அவருடைய கையெழுத்துத் தாள்களை எடுத்து வைத்து அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கம்பியூட்டரே தேவையில்லை. சொந்தம் என்று எழுதியிருந்த பக்கத்தில், முட்டை முட்டையாகச் சைபர்கள். வெளி என்று எழுதியிருந்த பக்கத்தில் அங்கொன்று இங்கொன்று. சின்னப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லியிருக்கும். அவருடைய சொந்த வரியும் அதில் இருந்தது. ஐந்து பெயர், மூன்று சைபர். நான் அந்த மூன்றையும் என் கையாலேயே தட்டியிருக்கிறேன், கம்பியூட்டர் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டிருக்கிறது. மிஞ்சிய பிள்ளைகளுக்கு எடை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

உடனே திருத்தி, புதிய தாளை அச்செடுத்து நீட்டினேன். இந்த முறை தமிழிலேயே எழுதினேன். அவர் வாங்கவில்லை.

“இத நான் கொண்டுபோனா நம்ப மாட்டாங்க சேர். அழுது மாத்தி எழுதி வாங்கிட்டு வந்துட்டேம்பாங்க. நீங்க வரணும். நீங்க வந்து உங்க வாயால சொல்லணும், அது பெசகு, இதுதான் சரின்னு.”

“வாறன் அக்கா” என்றேன்.

கலியாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. முதல் வாரம் அவர் கேட்குமுன்னே வேலை என்றேன். இரண்டாம் வாரம் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் பொய். எனக்குள் என்னென்ன ஓடியது என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். நான் ஒரு சோனகப் பொடியன், அவர்கள் வீட்டு நல்ல காரியத்தில் போய் நின்று உங்கள் இரத்தம் ஆகாது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? நமக்கெதற்கு இந்த வம்பு? டொக்டர் மாத்தயா காதுக்குப் போனால் என் பிழையும் அல்லவா வெளியே வரும்? இந்த மூன்றில் கடைசிதான் உண்மையான காரணம். மற்ற இரண்டும் அதை மூடக் கிடைத்த பாய்.

அக்கா ஒருநாளும் நினைவூட்டவில்லை. பழையபடி கை கழுவி, சாக்கை அவிழ்த்து, வாசலுக்கு வெளியே நின்றே கொப்பியைத் தந்தார். சைபர்கள் அதே அளவில்தான் இருந்தன. கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் சொன்னார்: “ஞாயித்துக்கெழம பத்தரைக்குள்ள தாலி கட்டுறாங்க சேர்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போகவில்லை. திங்கட்கிழமை அக்கா லட்டு கொண்டுவந்து தந்தார், தனியாகப் புதுப் பெட்டியில், உங்களுக்காகக் கடையில் வாங்கியது என்று சொல்லி. இரண்டு மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்து வந்துவிட்டேன். புறப்படும் நாளில் அவர் பிரசவக் கொட்டிலில் இருந்தார், ஒரு தாய்ப்பன்றிக்கு வேளை வந்திருந்தது. எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் நடந்தேன்.

போன மாசியில் டொக்டர் மாத்தயா போன் பண்ணினார். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். பண்ணையைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு, நடுவில் அக்கா காலமாகிவிட்டார் என்றார். நெஞ்சு வலியாம், பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. பத்து நாள் ஆகியிருந்தது. அந்த வாரமே லீவு போட்டுப் போனேன். பண்ணை மூடியாயிற்று, கொட்டில்களில் தகரம் இல்லை. லயம் மட்டும் அப்படியே இருந்தது.

மகள்தான் கதவைத் திறந்தாள். தாயின் நெற்றி, தாயின் கை. கணவன் அவிசாவளைக்கு வேலைக்குப் போயிருந்தான். பால் சேர்க்காத பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு, அம்மாவின் படத்துக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்தாள். ஒரு பெண் பிள்ளை, நாலு வயதிருக்கும், வந்து அவள் முதுகில் சாய்ந்துகொண்டு என்னை எட்டி எட்டிப் பார்த்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

“மூணுங்க சேர்” என்றாள். “மொதல்ல ரெண்டும் போயிருச்சு. ஒம்போது மாசத்துல ஒண்ணு, எட்டு மாசத்துல ஒண்ணு. இவ நின்னுட்டா. இவளுக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் அம்மா தூங்கவே இல்ல. கழுத்தையே தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பதினொரு வருஷமாக வைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

“தங்கச்சி, அந்த முதல் தாள் பிழை. பிழை என்ட. திருத்தின தாளோட வந்து எல்லாருக்கும் சொல்றன்னு அம்மாக்கு வாக்குக் குடுத்தன். நான் வரல்ல.”

“தெரியுங்க சேர்” என்றாள். “அம்மா என்கிட்ட அப்பவே சொன்னாங்க. தாள் பெசகாயிருச்சு, சேர் வந்து சொல்லுவாருன்னு. நான்தான் நம்பல. மாமாவப் பிடிக்காம அம்மா ஏதோ செய்யறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பிள்ளையை முன்னால் இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

“கலியாணத்தன்னைக்குக் காலையில அம்மா தாலித் தட்டக் கைய விட்டுக் குடுக்கவே மாட்டேனுட்டாங்க சேர். இந்தப் படியில நின்னுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டிருக்காங்க. பூசாரி கத்துறாரு, நல்ல நேரம் போகுதுன்னு. மாமா கூட வந்தவங்க எல்லாம் ஒரு மாதிரி பேசுறாங்க. எனக்கு அவமானமா போச்சு. அம்மா சொன்னதையே சொல்றாங்க, ‘சேர் வந்துருவாரு. சொன்னா வர்ற ஆளு. பஸ்ஸுதான் பிந்திருச்சு.’ மொதல் பஸ் வந்துச்சு, நீங்க இல்ல. அடுத்த பஸ்ஸுல வருவாருன்னாங்க. அதுவும் வந்துச்சு. அதுலயும் இல்ல. அப்புறம்தான் தட்டக் குடுத்தாங்க.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அன்று நான் எங்கே இருந்தேன் என்றும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஊரில் இருந்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன், எல்லாரிடமும் சொன்னது போல.

நான் ஊரில் இருக்கவில்லை. அந்த ஞாயிறு விடியவே புறப்பட்டு, கேகாலையில் பஸ் மாறி, அவிசாவளையில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு முன்னரே தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன். திருத்திய தாள் சட்டைப் பையில் இருந்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். ஒரு கடையில் பிளேன்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தோட்டத்துக்குப் போகும் பஸ் வந்தது. கலியாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுச் சேலையும் பூவுமாக ஏறினார்கள். இதில் சனம் கூட, அடுத்ததில் போவோம் என்று இருந்துவிட்டேன். அடுத்ததும் வந்தது. அதில் இடம் இருந்தது. கொண்டக்டருக்கு என்னைத் தெரியும். “நகின்ட மாத்தயா” என்று ஏறச் சொல்லி, கதவைப் பிடித்தபடி எனக்காகக் கொஞ்ச நேரம் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.